இஸ்திரி போட்ட சுவர்

அக்கா அம்மாவை அழைத்து வருவதாகச் சொல்லியிருந்த அன்று, விடிந்ததிலிருந்து நான் குட்டி போட்ட பூனையாக வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து குளியலறைக்குப் போகும் நடைவழிதான் என் பாதை. போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன், பசை காய்ந்ததா என்று. திரும்பி வந்து வாசலைப் பார்ப்பேன். மறுபடியும் சுவர்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். போன முறை எங்களிடம் தங்கியபோது சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தாள். எங்கள் சுவரோ தொட்டால் உதிரும் சாதி. பார்க்க வந்த அக்கா, அம்மாவின் தோளெல்லாம் சுண்ணாம்பும் முழங்கையில் சிராய்ப்பும் கண்டு, "இதென்ன வீடா, மாவு மில்லா?" என்று கேட்டாள். அன்றைக்கே கையோடு கூட்டிப் போய்விட்டாள்.

அக்கா வீட்டைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடி போலச் சுவர். அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துப்போக ஒரு பணிப்பெண். ஆனால் அம்மா போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னது என் தூக்கத்தைக் கெடுத்தது.

"தண்ணி குடிக்கவே பயமா இருக்குடி. குடிச்சா போகணும். போகணும்னா அந்தப் பொண்ணைக் கூப்பிடணும். அது ஒரு பெருமூச்சு விட்டுட்டுத்தான் எழுந்திரிக்கும். சுவரைத் தடவிட்டு நானே போயிடலாம்னா, எந்தப் பக்கம் தொட்டாலும் வழுவழுன்னு ஒரே மாதிரி இருக்கு. எங்க நிக்கிறேன்னே தெரியல."

அக்காவிடம் சண்டை போட்டேன். "முதல்ல சுவரைச் சரி பண்ணு. வந்து பாக்கறேன். திருப்தியா இருந்தா விட்டுட்டுப் போறேன். இல்லன்னா இந்தப் பேச்சையே எடுக்காத" என்று முடித்துவிட்டாள்.

பூச்சு முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் பூச எங்களுக்கு வசதி இல்லை. அதனால்தான் வால்பேப்பர். கடைக்காரர், "மேடு பள்ளமான சுவருக்கு மெல்லிசு வேண்டாம். புடைப்பு வெச்சது எடுங்க, எல்லாத்தையும் மறைச்சிடும்" என்றார். பூங்கொடி புடைத்து நிற்கும் தாளாக எடுத்தேன். ஆள் வைக்கவில்லை. நானும் என் வீட்டுக்காரரும்தான்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெரிய ஹோட்டலில் துணி தேய்க்கும் வேலை. எங்கே சுருக்கத்தைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்னால் நின்றவரின் காலரை நீவிவிட்டு நன்றாகத் திட்டு வாங்கியவர். இந்த மனிதரை வைத்துக்கொண்டு புடைப்புத் தாள் ஒட்டப் புகுந்தேனே, என்னைச் சொல்லவேண்டும்.

உதிர்வதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து, அடிப்பூச்சு ஒன்று கொடுத்தோம். கயிற்றில் கனம் கட்டித் தொங்கவிட்டு நேர்கோடு போட்டோம். தாளின் முதுகில் பசை தடவி, மடித்து ஊறவிட்டு, பட்டை பட்டையாக ஒட்டி வந்தோம். "மெத்துப் பிரஷ்ஷால மட்டும் நீவுங்க. அழுத்தினா பூ நசுங்கிடும்" என்று நான் சொல்லாத நேரமில்லை. அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே செய்தார். கடைசிப் பட்டை, குளியலறைக் கதவை ஒட்டியது. அதையும் முந்தின நாள் ராத்திரி நல்லபடியாக ஒட்டிவிட்டு, அன்று காலை அம்மாவுக்குப் பிடித்த பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது வீட்டில் சூட்டு வாடை. மனிதர் கையில் இஸ்திரிப் பெட்டியுடன் நின்றார்.

"ஒரே ஒரு சுருக்கம்தான்" என்றார். "ஈரத்துணி போட்டு லேசாத்தான் வெச்சேன். பூ கொஞ்சம் படிஞ்சிடுச்சு."

"கொஞ்சமா?"

"ஒரு இடம் மட்டும் படிஞ்சா திட்டா தெரியும்ல. அதான் ஒரே சீரா மேலிருந்து கீழ வரைக்கும் போட்டுட்டேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டார். என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பெட்டியின் வயரைச் சுற்றி வைத்தார். மிச்சமிருந்த தாள் முழங்கால் உயரத்துக்குக்கூட எட்டாது. அந்த மொட்டைப் பட்டையின் மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டேன். அசிங்கமாக இருந்தது, எடுத்தேன். மறுபடி தொங்கவிட்டேன். வாசல் மணி அடித்தபோது துண்டு என் கையில் இருந்தது.

அக்கா அம்மாவை நடைவழியின் தொடக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். கையை வைத்துத் தேய்த்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. "பரவாயில்லையே" என்று சொல்லிக்கொண்டே கடைசிவரை போனவள் அங்கே நின்றுவிட்டாள். அக்காவுக்கு எப்போதும் ஊரைக் கூட்டும் குரல்.

"இங்க வாடி. இதென்ன, பாத்ரூம் கதவுகிட்ட மட்டும் சுவருக்கு வழுக்கை விழுந்திருக்கு?"

"நான்தான் இஸ்திரி போட்டேன் அண்ணி" என்றார் இவர்.

"சுவருக்கா?"

அக்கா சிரித்தாள். எனக்கு அழுகை முட்டியது. அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகவே பேசினாள்.

"சுவர் நல்லாத்தான் இருக்கு. ஒத்துக்கறேன். ஆனா நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா அம்மா யாரைக் கூப்பிடுவா? யாரு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவா?"

இத்தனை நாளும் நான் பசையைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறேன். அம்மா இன்றைக்கே திரும்பிப் போய்விடுவாள் என்று தோன்றியது.

வெளியே வந்தோம். நாற்காலி காலியாக இருந்தது.

இவர் நடைவழியின் நடுவில், நீட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தார். "கூப்பிடாதீங்க. உள்ள இருக்காங்க. கை குடுக்கப் போனேன், தட்டி விட்டுட்டாங்க" என்றார்.

குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அக்கா கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள், தட்டவில்லை. தாழ் விலகியது. ஈரக் கையோடு அம்மா வந்தாள்.

"ரெண்டு பேரும் வரிசையில நிக்கிறீங்களா? போங்க, காலியாத்தான் இருக்கு."

"யாரும்மா கூட்டிட்டு வந்தா?" என்றாள் அக்கா.

"நீதான். வழுக்கை வந்தா பாத்ரூம்னு நீதானே கத்தின? பூவைத் தடவிக்கிட்டே வந்தேன். வழுக்கை வந்துச்சு. பக்கத்துல கதவு."

சுவரில் விரல்களை வைத்துக்கொண்டு, கொடியைத் தொடர்ந்து அம்மா திரும்பி நடந்தாள். அக்கா இரண்டு கைகளையும் விரித்தபடி பின்னாலேயே வந்தாள், தொடவில்லை. பாதி வழியில் அம்மா நின்றாள்.

"மாப்பிள்ளை, படுக்கிற ரூம் கதவுகிட்டயும் ஒண்ணு போட்டுடுங்க. அங்க ஒல்லியா இருக்கட்டும், இல்லன்னா எனக்கு ரெண்டும் குழம்பிடும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "என்னை எதுக்குப் பாக்கறீங்க? பெட்டிய எடுங்க" என்றேன்.

அம்மா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"சின்னவளே, தண்ணி குடு. பெரிய டம்ளர்ல."

கொடுத்தேன். அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள். வெறும் டம்ளரை நீட்டி இன்னும் கேட்டாள்.

"அங்க ஒரு வாய் குடிக்க வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்" என்றாள் அக்கா. அம்மா இரண்டாவது டம்ளரையும் குடித்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அம்மாவின் பையை எடுத்துவர வண்டிக்குப் போனாள்.