அசையாத தட்டில் ஊசி

1
கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கதை ஒன்று வைத்திருக்கிறேன். பாதியில் எழுந்து போகக்கூடாது. ரெக்கார்டு ப்ளேயர் ஊசியை ஒருவர் எனக்குக் கழற்றிக் காட்டிய அன்றிலிருந்து இது என்னைப் பிடித்துக்கொண்டது. ஊசியைத் தாங்கும் சுண்டுவிரல் நுனியளவு பெட்டிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். சுழலும் இசைத்தட்டின் பள்ளம் ஊசியை ஆட்டும். ஊசி, உள்ளே இருக்கும் காந்தத்தை ஆட்டும். பக்கத்துச் செம்புக்கம்பிச் சுருளில் இம்மியளவு மின்சாரம் பிறக்கும். ஆம்ப்ளிஃபையர் அதை ஊருக்கே கேட்கும்படி பெருக்கும்.

(ஊசிக்குப் பாட்டு தெரியாது. ஆட்டம்தான் தெரியும். யார் ஆட்டினாலும் சொல்லிவிடும்.)

2
உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் தேவகி என்று ஒரு அழகான...

வேண்டாம். அழகு இங்கே எதற்கு? அவள் புருஷன் வேதகிரி மைக் செட்டுக்காரன், ஒரு காலை இழுத்து நடப்பவன். அவனை மாகறலில் செய்யாற்று வெள்ளம் கொண்டுபோயிற்று, உடம்பு கிடைக்கவில்லை. அப்படிப் போனவர்களுக்கு வைக்கோலில் உருவம் கட்டி எரிப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். எரித்ததும் தாலியை அறுப்பார்கள். தேவகி தாலியைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

3
மத்தியானம். வாசலில் வைக்கோல் உருவம், வேதகிரியின் சட்டையோடு. கொழுந்தன் சடையப்பன் உள்ளே போய் அண்ணனுக்குப் பிடித்த தட்டைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தான். கரண்ட் போயிற்று. தட்டு நின்றது. ஆம்ப்ளிஃபையர் பேட்டரியில் ஓடுவது, அது நிற்கவில்லை. மைக் செட்டுக்காரர்கள் உடனே ஊசியைத் தூக்கிவிடுவார்கள். சடையப்பன் தூக்கவில்லை.

வாசல் மரத்துக் கூம்பு ஸ்பீக்கரில்: தொம்... சர்ர். தொம்... சர்ர்.

"இன்னா சத்தம் அது?" என்றாள் தேவகி.

"ஊசி தட்டு மேலயே கீது அண்ணி. தரை அதிர்றது கேக்குது."

"அல்லாரும் வாசல்ல கீறோம். உள்ள யாரு நடக்கறது?"

"கொல்லப்பக்கமா ஆடு பூந்திருக்கும்."

"காலை இழுத்துகினு நடக்கற ஆடா? எந்தச் சந்தையில புடிச்ச, நைனா?"

சடையப்பன் தீப்பெட்டியை எடுத்தான். "நேரம் போவுது அண்ணி. ஊசியத் தூக்கிட்டு வந்து கொளுத்திடறேன்."

"தூக்கிப் பாரு. நானும் இந்த வைக்கோலோட படுத்துக்கறேன்."

4
முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஆடுதான் என்று எழுதினேன், எனக்கே நம்பிக்கையில்லை. வேதகிரி பிழைத்து வந்துவிட்டான் என்று எழுதினேன். அப்படியென்றால் ஏன் ஒரு குரல் கொடுக்கவில்லை? மூன்றாவது: தேவகி திரும்பினாள். வாசலில் வைக்கோல் இல்லாமல் சட்டை மட்டும் கிட...

(இந்த வரியை நீங்கள் படிக்க வேண்டாம்.)

கால்சத்தம் கதவு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. தேவகி தாழ்ப்பாளில் கை வைத்திருக்கிறாள். திறந்து, அங்கே யாருமில்லை என்றால், தாலி போகும். திறக்காவிட்டால், நிற்பவன் அப்படியே நிற்பான். எனக்குத் தைரியமில்லை, கண்ணுகளா. திறப்பதும் விடுவதும் உங்கள் கையில்.

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும், வாசலில் இருந்தே பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, உடம்போடும் உயிரோடும் வந்து சேரட்டும்.