செருப்புக்காகவாவது

மார்ச் 14, வியாழன்

முதலில் ஒரு திருத்தம். போன வாரம் மாலை வகுப்புக்கு எழுதிய கட்டுரையில் சித்தப்பாவுக்கு மீசை வைத்துவிட்டேன். நரைத்த, ஓரம் சீராக வெட்டிய மீசை என்று எழுதியிருந்தேன். ஆசிரியை ஓரத்தில் 'நல்ல கவனிப்பு' என்று குறித்துத் திருப்பிக் கொடுத்தார். சந்தேகம் வந்து ஏழு புத்தகங்களையும் புரட்டிப் பார்த்தேன். மீசை எங்கேயும் இல்லை. மீசை இல்லை என்றும் எங்கேயும் இல்லை. 'தனக்கு வேண்டிய இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் மனிதர்' என்று ஒரு வரி, பூட்டு எண்ணெய் வாடை போகாத விரல்கள், பிணத்தைப் பார்த்தால் வரும் அழுகை. எழுதியவர் அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான். மீசை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசித்ததும் பிடிபட்டது. அது கண்டக்டர் அண்ணனுடைய மீசை.

நாட்குறிப்பாக இருந்தாலும் தெரியாதவர் எடுத்துப் படித்தால் புரிய வேண்டும் என்று ஆசிரியை சொல்வார். ஆகவே சொல்லிவிடுகிறேன். சித்தப்பா ஒரு துப்பறியும் தொடரின் துணைப்பாத்திரம். துப்பறிவது ஓய்வு பெற்ற ஓர் இன்ஸ்பெக்டரம்மா. அவருக்காகப் பூட்டுகளைத் திறந்து கொடுப்பவர் சித்தப்பா. யாருக்கும் சித்தப்பா இல்லை, ஆனால் ஊரே அப்படித்தான் கூப்பிடும். ஒவ்வொரு புத்தகத்திலும் ஓர் இருட்டு வீடு வரும், அதற்குள் முதலில் நுழைகிறவர் அவராகத்தான் இருப்பார்.

இந்தத் தொடரைப் பேசுவதற்கென்றே நாங்கள் ஐந்து பேர் வியாழக்கிழமை சாயங்காலங்களில் சலவைக்கடையின் மாடியில் கூடுவோம். கடைக்காரர், கணக்கு வாத்தியார், தையல் அக்கா, பேருந்தில் கண்டக்டராக இருந்த அண்ணன், கண்ணாடிக்கடையில் சட்டத்துக்கு லென்ஸ் பொருத்துகிற நான். எந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்பதால் எனக்குப் 'பொருளடக்கம்' என்று பெயர். வைத்தது கண்டக்டர் அண்ணன். இரண்டு மாதத்துக்கு முன் இருதய அறுவை சிகிச்சைக்குப் போனவர் திரும்பவில்லை. இப்போது நாங்கள் நான்கு பேர்.

தொடரைப் படமாக எடுக்கிறார்களாம். சித்தப்பாவாக யார் நடிக்கலாம் என்று வாசகர்களையே கேட்டிருக்கிறார்கள். பெயர் அனுப்ப நாளை கடைசி நாள். இன்று அதை முடிவு செய்யத்தான் கூடினோம்.

"குண்டாத்தான் இருக்கணும்" என்று கணக்கு வாத்தியார் ஆரம்பித்தார். "மூணாவது புத்தகத்துல ஜன்னல்ல மாட்டிக்கறாரே. ஒல்லி ஆளு எப்படி மாட்டுவான்?"

"ஜன்னல் சின்னது சார்" என்றார் தையல் அக்கா. "அதுல உங்களாலயும்தான் நுழைய முடியாது. அதுக்காக உங்களை நடிக்க வச்சிடலாமா?"

"வச்சா நான் வேணாம்னா சொல்லப்போறேன்?"

சலவைக்கடைக்காரர், தொலைக்காட்சித் தொடரில் மாமனாராக வருகிற ஒருவரைச் சொன்னார். தையல் அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அந்த ஆளா? அவர் அழுதா எனக்குச் சிரிப்புதான் வரும்."

"சித்தப்பா அழுதாலும் சிரிப்புதானே வருது?"

"வரும். ஆனா சிரிச்சு முடிச்சதும் நமக்கே வெட்கமா இருக்கும். இந்த மாமனார்கிட்ட அந்த வெட்கம் வராது."

இந்த இடத்தில்தான் படியில் காலடிச் சத்தம் கேட்டது. கண்டக்டர் அண்ணனின் மனைவி. அண்ணனின் சீருடைச் சட்டைகள் இரண்டு சலவைக்குப் போட்டபடியே கிடந்தனவாம். பணிமனையில் அவற்றைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று வாங்கிப்போக வந்திருந்தார். கீழே தேடி எடுத்துத் தேய்த்துத் தரும்வரை மாடியில் உட்காரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எல்லாரும் எழுந்துவிட்டோம். வாத்தியார் தன் நாற்காலியைக் கொடுத்தார். அவர் வேண்டாம் என்று கதவோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். கீழே இருந்து நீராவி சீறுகிற சத்தம் மட்டும் வந்தது.

"நிறுத்திட்டீங்களே, பேசுங்க" என்றார் அண்ணி. "வாரா வாரம் இங்க வந்து என்னதான் பேசிட்டு வர்றார்னு எனக்கு ஒருநாளும் புரிஞ்சதில்ல. நானும் கேக்கறேன்."

"நீங்க இந்தப் புத்தகமெல்லாம் படிச்சதில்லையா அண்ணி?" என்று தையல் அக்கா கேட்டார்.

"கொலைன்னா எனக்கு ஆகாது. அவர் கதை சொல்ல வருவார். நான் காதைப் பொத்திக்குவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பேச்சு பழையபடி ஆரம்பித்தது. அண்ணி கேட்கிறார் என்பதால் எல்லாரும் கொஞ்சம் கூடுதலாகவே நன்றாகப் பேசினோம் என்று இப்போது தோன்றுகிறது.

பெயர்கள் சேர்ந்துகொண்டே போயின. மருந்து விளம்பரத்தில் இருமுகிறவர், நாடகத்தில் எப்போதும் நீதிபதியாக வருகிறவர், தையல் அக்காவுக்குப் பிடித்த பழைய வில்லன். எதுவும் முடிவாகவில்லை. அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். முறையாகச் செய்யலாமே என்று தோன்றியது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

"முகத்தை வச்சுப் பேசினா முடியாது. புத்தகத்துல முகமே இல்லை. ஒரே வரியை எடுத்துக்குவோம். அவங்கவங்க சொல்ற நடிகர் அதை எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொல்லிக் காட்டுங்க. எது பொருந்துதோ அவர்தான்."

"எந்த வரி?" என்றார் வாத்தியார், தெரிந்துகொண்டே.

"செருப்பு வரி."

எல்லாருக்கும் ஒரே குஷி. அந்த மாடித் தரையில் எப்போதும் ஈரம் இருக்கும், அதனால் செருப்போடுதான் உட்காருவோம். வாத்தியார் அறை நடுவில் போய் நின்றார். இரண்டு செருப்பையும் கழற்றி, ஒட்டி வைத்து, இருட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் கழுத்தை நீட்டினார். பிறகு நீதிபதி நடிகரின் கனத்த குரலில் சொன்னார்:

"செருப்பை இங்கேயே விட்டுட்டுப் போறேன். செருப்புக்காகவாவது திரும்பி வந்துடுவேன்."

"தீர்ப்பு சொல்ற மாதிரி இருக்கு" என்றார் கடைக்காரர். அவரும் வந்து செருப்பைக் கழற்றினார். மாமனார் நடிகரைப்போல் மூக்கால் சொன்னார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

தையல் அக்கா சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் தப்பு. இதைச் சொல்றப்ப அவருக்கு உயிர் போற பயம். பயம் இல்லாத வீட்டுக்கு அவர் செருப்பைக் கழட்டவே மாட்டார், கவனிச்சிருக்கீங்களா? அப்படியே நடந்து போயிடுவார். பயந்தா மட்டும்தான் இந்த வரி."

"அப்போ நடுங்கிக்கிட்டுச் சொல்லணும்ங்கறியா?" என்றார் வாத்தியார்.

"இல்ல. சிரிச்சுக்கிட்டுதான் சொல்லணும். எதிர்ல நிக்கறவங்களும் சிரிச்சிடணும். இன்ஸ்பெக்டரம்மா எப்பவும் சிரிச்சிடுவாங்கல்ல? பயம் அடியில கிடக்கும். படிக்கறவனுக்குத்தான் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. அப்படிச் சொல்லத் தெரிஞ்சவன்தான் சித்தப்பா."

அக்காவும் செருப்பைக் கழற்றி, யாரையும்போல் அல்லாமல், தன் குரலிலேயே அதைச் சொன்னார். மிகச் சரியாக இருந்தது. நான் கைதட்டப் போனேன்.

"இது புத்தகத்துல வர்றதா?" என்று கதவோரத்திலிருந்து கேட்டார் அண்ணி.

அவர் எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை. தரையில் வரிசையாகக் கிடந்த மூன்று ஜோடிச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறப்ப, கதவுகிட்ட செருப்பைக் கழட்டச் சொன்னாங்க" என்றார். "இதையேதான் சொன்னார். இதே வார்த்தை. கையில செருப்பைக் கொடுத்துட்டு உள்ள போனார். அதுக்கப்புறம் அவர் பேசி நான் கேக்கல."

நீராவிச் சத்தம் கீழே நின்றுபோயிருந்தது. வாத்தியார் மெதுவாகக் காலால் தன் செருப்பைத் தேடினார். போட்டுக்கொள்ள மனம் வராமல் அப்படியே நின்றார்.

சலவைக்கடைக்காரர் நல்ல மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணி, அது வந்து, கண்டக்டர் இங்க அடிக்கடி சொல்வார். அவர்கிட்டேருந்துதான் எங்களுக்கு ஒட்டிக்கிச்சு" என்றார்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீதானே பொருளடக்கம்?"

"ஆமா அண்ணி."

"அந்தப் பொண்ணைக் கேட்டா பக்கத்தோட சொல்லும்னு சொல்வார். நீ சொல்லு. புத்தகத்துல இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கடைக்காரர் எனக்கு வழி போட்டுக் கொடுத்திருந்தார். அவர் கண்ணும் அதைத்தான் கேட்டது. அந்த ஒரு வரிதான் அண்ணியிடம் மிச்சம் இருப்பது என்பதும் எனக்குத் தெரிந்தது. ஆனால் ஊரெங்கும் விற்கிற புத்தகம் அது, படமாகவும் வரப்போகிறது. சுவரொட்டியிலேயே அந்த வரியைப் போடுவார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்று அதைப் பார்க்கிற அண்ணியை நினைத்தேன். இப்படியெல்லாம் அந்த நிமிடத்தில் யோசித்தேனா, இல்லை வாய் பழக்கத்தில் உண்மையைச் சொன்னதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"இருக்கு அண்ணி. ரெண்டாவது புத்தகத்துல முதல்ல வரும். அப்புறம் எல்லாத்துலயும் வரும்."

"அந்த ஆளு திரும்பி வந்துடுவானா?"

"வந்துடுவார்."

"ஒரு புத்தகத்துலகூட வராம இருந்ததில்லையா?"

"இல்ல அண்ணி."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அழவில்லை. முந்தானையை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினார்.

"எனக்குத் தைரியம் சொல்லிட்டுப் போனார்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ரெண்டு மாசமா அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வர்றேன். கடைசி வரைக்கும் தைரியமா இருந்தார், விளையாட்டாப் பேசிட்டுப் போனார்னு." தையல் அக்காவைப் பார்த்தார். "பயந்தாத்தான் அதைச் சொல்வான்னு சொன்னே இல்ல?"

அக்கா குனிந்து தன் செருப்பைச் சுவரோரம் நகர்த்தினார்.

"சிரிச்சுக்கிட்டுதான் சொன்னார். நானும் சிரிச்சிட்டேன். செருப்பு புதுசுகூட இல்ல, தேஞ்ச செருப்பு. இதுக்காகவா வருவீங்கன்னு கேட்டேன். பயமா இருக்கான்னு கேக்கல. நாப்பது பேருக்கு நடுவுல நின்னு டிக்கெட் கிழிச்ச மனுஷன், அவருக்கு என்ன பயம்னு இருந்துட்டேன். உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும். அங்க நீங்க யாராவது நின்னிருந்தா கையைப் பிடிச்சிருப்பீங்க."

"அண்ணி, அப்படி இல்ல" என்றார் தையல் அக்கா. போய் முக்காலிக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். "போகட்டும். என்னை 'மேலிடம்'னுதான் கூப்பிடுவார், அது மட்டுமாவது அவர் சொந்தச் சரக்கு. கல்யாணமான புதுசுலேருந்து. 'மேலிடத்து உத்தரவு', 'மேலிடம் கோவமா இருக்கு'ன்னு. அதை எவன் எழுதப் போறான்?"

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பினார். கடைக்காரர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. சித்தப்பா இன்ஸ்பெக்டரம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார். முதல் புத்தகம், இரண்டாம் அத்தியாயம். அந்தப் புத்தகம் வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. அவர் என்னைக் கேட்கவில்லை.

சட்டைகள் வந்தன. காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். கடைக்காரர் கூலி வாங்க மறுத்தார். அண்ணி படியிறங்கப் போனவர் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து தர்றியா? எனக்குப் படிக்கணும்."

"ரெண்டாவதா அண்ணி?" என்றேன் அவசரமாக. "செருப்பு வர்ற பக்கத்துல அடையாளம் வச்சுத் தர்றேன். அதை மட்டும் படிச்சாப் போதும்."

"நடுவுலேருந்து வேண்டாம். முதல்லேருந்து கொடு. இருபத்திரண்டு வருஷம் ஒரு ஆளோட இருந்திருக்கேன். அவர் யார் மாதிரி இருக்க ஆசைப்பட்டார்னு தெரிஞ்சுக்கறேனே."

"கொலை வருமே அண்ணி."

"வரட்டும்."

அவர் போன பிறகு நாங்கள் பெயர் எதையும் முடிவு செய்யவில்லை. வாத்தியார்தான் ஒருமுறை, "அப்போ யாரை எழுதறது?" என்றார். "எழுத வேண்டாம் சார்" என்றார் தையல் அக்கா. கடைக்காரர் நாற்காலிகளை மடக்கி வைத்தார்.

வீட்டுக்கு வந்து முதல் புத்தகத்தை எடுத்து இரண்டாம் அத்தியாயத்தைப் படித்தேன். 'மேலிடம்' அந்த அத்தியாயத்தில் மட்டும் ஒன்பது இடத்தில் வருகிறது. கண்டக்டர் அண்ணன் அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போய் முதல்முறை மனைவியை அப்படிக் கூப்பிட்ட நாளை நினைத்துப் பார்த்தேன். புத்தகத்தில் இன்ஸ்பெக்டரம்மா அதற்குப் பதிலே சொல்வதில்லை. அண்ணி சிரித்திருப்பார். இதை அவரிடம் சொன்னால் உதவுமா, அல்லது நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேனா, தெரியவில்லை. ஒரு பேச்சுக்கு, அந்தப் பிரதி கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். இரண்டு தடவை அப்படிச் சொல்லிப் பார்த்தேன். என் குரலே என்னைக் காட்டிக்கொடுக்கிறது.

நாளை: கண்ணாடிக்கடையில் வேலை முடிந்ததும் மாலை வகுப்புக்கு விடுப்பு சொல்ல வேண்டும். முதல் புத்தகத்தின் அட்டை கிழிந்திருக்கிறது, ஒட்ட வேண்டும். அண்ணி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இருக்கச் சொன்னால், அவர் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டும்வரை கூட இருக்க வேண்டும்.