சத்தத்துக்கு முன்பே வந்த இனிப்புப் பெட்டி

1

இந்தக் கதை எனக்கு ஓர் இனிப்புப் பெட்டியாக வந்து சேர்ந்தது. மாட்சுமோட்டோ நகரில், ஓர் அடுக்ககத்தின் நான்காவது மாடியில், அடுத்த வீட்டு ஓகிஷிமா கொண்டுவந்து கொடுத்தார்.

"ஷாகுஹாச்சி வாங்கப் போறேங்க, குரொசு சார். சத்தமா இருக்கும். இப்பவே மன்னிச்சுடுங்க" என்று இடுப்பு வரை குனிந்தார்.

(ஒரு முழத்தைவிடச் சற்று நீளமான மூங்கில் குழல். நெட்டுக்குத்தாகப் பிடித்து, மேல் விளிம்பில் ஊத வேண்டும்.)

உள்ளே பன்னிரண்டு கஷ்கொட்டை இனிப்புகள். பன்னிரண்டையும் நானே தின்றேன். ஆகவே என்னை நடுநிலையான கதாசிரியன் என்று நம்ப வேண்டாம். பதிலுக்கு ஒரு கூடை ஆரஞ்சு கொடுத்து, "நல்லா சத்தமாவே வாசிங்க" என்றேன். மரியாதைக்குச் சொன்னதாக அவர் நினைத்திருப்பார்.

2

முதல் தொடக்கம்: 'பனி உருகும் காலையில், மூங்கிலின் ஆன்மாவைத் தேடி ஒரு மனிதன்...'

வேண்டாம். ஓகிஷிமா லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தேடியதெல்லாம் திருகாணிகளைத்தான்.

இரண்டாவது தொடக்கம்: 'அறுபத்து மூன்று வயதில், குளியலறையில்கூடப் பாடாத ஒருவர்...'

இது அவர் மனைவி நட்சுயோ சொன்னது. பால்கனியில் துணி காயப்போட்டபடியே பேசுவார். கதையில் பாதி அந்தக் கொடியிலிருந்து நான் உருவியது. மீதி என் கைச்சரக்கு.

3

குழல் கடைக் காட்சி. நான் அங்கே இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

குழல் செய்யும் இனோகுமா மூன்று குழல்களைத் துணிமேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாக ஊதிக் காட்டினார். அறை நிறைந்தது. ஓகிஷிமா, அடியில் மூங்கிலின் வேர்ப்பகுதி தடித்திருந்த நடுக்குழலை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்.

காற்று வந்தது. காற்று மட்டும்தான் வந்தது.

"சூப்பை ஆத்துற மாதிரி ஊதுறீங்களே" என்றார் கூட வந்திருந்த நட்சுயோ.

அடுத்த குழல். அதற்கடுத்தது. ஓகிஷிமாவுக்குக் காது மடல் சிவந்து, தலை சுற்றியது.

இனோகுமா நல்ல மனிதர். "அவசரமே இல்லீங்க. பிளாஸ்டிக்குல ஒண்ணு வாங்கிப் பழகுங்க. சத்தம் வந்தப்புறம் மூங்கிலைப் பாக்கலாம்" என்றார்.

"முடியாதுங்க. பக்கத்து வீட்டுக்கு மன்னிப்புப் பெட்டி குடுத்தாச்சு."

இனோகுமாவின் கை அந்தரத்தில் நின்றது. "வாங்கறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமாங்க. அவங்க ஆரஞ்சும் குடுத்துட்டாங்க."

"ஆரஞ்சுமா!" இனோகுமா பெருமூச்சு விட்டார். "அப்ப மூங்கில்தான். வேற வழியில்லை."

அந்தக் கடையில் இதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. நடுக்குழலைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

[ஆரஞ்சு கொடுத்தது என் தப்பா என்று இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். என் தப்புதான்.]

4

நாற்பது நாள் ஆயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

குப்பை வைக்கும் இடத்தில் நட்சுயோவைப் பிடித்தேன். "குழல் என்னாச்சு?"

"தினம் ரெண்டு மணி நேரம் ஊதுறார், குரொசு சார்."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையே?"

"எனக்கும்தான் கேக்கலை. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன்."

ஓகிஷிமா என்னைக் கண்டால் லிஃப்ட்டை விட்டுவிட்டு மாடிப்படியில் இறங்குகிறார். முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட்டைக் கட்டிக்காத்த மனிதர்!

இதுவரை சிரிக்க வைத்தேன். இனி மறைப்பதற்கில்லை. என் மனைவி மிசுயே இறந்து இரண்டு வருடம் ஆகிறது. என் வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும்தான் சத்தம் போடும். அந்தப் பெட்டி வந்த அன்று, இனி சுவர் வழியாக ஒரு மனிதர் என் வீட்டுக்குள் வந்துபோவார் என்று சந்தோஷப்பட்டேன். நாற்காலியை அந்தச் சுவரோரம் நகர்த்திப் போட்டேன். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

5

முடிவுகள்.

அ) ஒரு காலையில் குழல் ஒலிக்கிறது, சுவருக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் இந்தக் கிழவன் அழுகிறான். (நன்றாக விற்கும். நடக்கவில்லை.)

ஆ) நான் போய்க் கதவைத் தட்டி, 'சத்தம் வராட்டி என்ன, என் வீட்டுல வந்து ஊதுங்க' என்று... (சொல்லியிருப்பேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.)

6

நேற்று அழைப்பு மணி அடித்தது. ஓகிஷிமா. கையில் இன்னொரு பெட்டி. அதே கடை, அதே கஷ்கொட்டை. இந்த முறை இன்னும் தாழக் குனிந்தார்.

"மன்னிக்கணும், குரொசு சார். சத்தம் வரலை."

வாங்கிக்கொண்டேன். வாய் வரை வந்த பேச்சு வெளியே வரவில்லை. அவர் குழலுக்கும் எனக்கும் ஒரே கோளாறு போலிருக்கிறது.

பெட்டி மேஜைமேல் இருக்கிறது. பிரிக்கவில்லை. பிரித்துத் தின்றால், மன்னித்துவிட்டேன் என்று ஆகிவிடும். அப்புறம் அவர் ஊத வேண்டியதே இல்லை. பெட்டிமேல் போட்டிருக்கும் காலாவதிக் கெடு பதினெட்டாம் தேதி. இன்று பன்னிரண்டு. எனக்குக் கஷ்கொட்டை என்றால் உயிர் என்பது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். முடிவு என்னிடம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆறு நாள் உங்களால் என்னோடு உட்கார முடியுமானால், கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள்.