மேலே வருமுன் எழுதிய எழுபது

ஆரோக்கியசெல்வம் ஜீப் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொடையில் அட்டையை வைத்துப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். செந்துறைப் பக்கம் கல் எடுத்து முடிந்து, தண்ணீர் தேங்கிப்போன சுண்ணாம்புக்கல் குழி அது. நாற்பதடி ஆழம். ஆலைக்குத் தண்ணீர் போகும் குழாயின் அடியில், தண்ணீரை உறிஞ்சும் வாயான புட்வால்வு அடைத்துக்கொண்டு இரண்டு நாளாயிற்று. காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு ஆள் இறங்கித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

இறங்கும் ஆள் கொளஞ்சியப்பன். கரையில் கயிறு பிடிப்பவள் அவன் மனைவி அம்பிகா. கம்பெனி கொடுத்த ஆளை அவன் நம்பவில்லை. "அவன் செல்லப் பாத்துக்கிட்டே கயித்தப் புடிப்பான். எனக்கு எம் பொண்டாட்டி போதும்" என்று சொல்லிவிட்டான்.

பாதுகாப்பு அலுவலரான ஆரோக்கியசெல்வத்தின் வேலை, சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்த்து எழுதுவது. அதைக் காட்ட இரண்டு மீட்டர் உண்டு. ஒன்று, சிலிண்டரிலிருந்து சிக்னல் வாங்கி மணிக்கட்டில் எண்ணைக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர். எல்லோரும் வாட்ச் என்பார்கள். இன்னொன்று, ரப்பர் குழாயில் தொங்கும் பழைய முள் மீட்டர். சிலிண்டர் நிரம்பியிருந்தால் இரண்டும் 200 காட்டும். இறங்குமுன் இரண்டையும் பார்க்க வேண்டும், ஏறிய பிறகும் பார்க்க வேண்டும். மூன்று வருடத்தில் அவர் ஒரு சுருக்குவழி கண்டுபிடித்திருந்தார். இறங்கும்போது 200, 200. ஏறும்போது 70, 70. ஆள் தண்ணீரில் கால் வைக்குமுன்பே நாலு கட்டமும் நிரம்பி, கையெழுத்தும் காய்ந்திருக்கும்.

"சார், வாட்ச்சுல எரநூறு காட்டுது. முள்ளு நூத்தம்பதுலயே நிக்குது" என்றாள் அம்பிகா.

அவர் நிமிரவில்லை. "வெயில்ல கெடந்த சிலிண்டரு. அப்படித்தாம்மா காட்டும்."

"வெயிலு ரெண்டுக்கும் ஒண்ணுதான சார்? சிலிண்டரும் ஒண்ணுதான?"

கொளஞ்சியப்பன் சிரித்துவிட்டான். "வூட்டுல கேஸ் சிலிண்டர ஆட்டிப் பாத்தே எத்தினி நாளைக்கு வரும்னு சொல்லிருவா சார். அவகிட்ட வாயக் குடுக்காதீங்க."

அந்தச் சிரிப்பு அலுவலருக்குச் சுட்டது. "அந்த வாட்ச் வெளிநாட்டுலேர்ந்து வந்தது, தெரியுமா? அரியலூர் பஸ் ஸ்டாண்டுல தொங்கவிட்டு விக்கிற வாட்ச்சுன்னு நெனச்சியா? துருப்புடிச்ச முள்ள நம்புவியா, கம்ப்யூட்டர நம்புவியா? கயித்தப் புடிக்க வந்தா கயித்தப் புடி!"

அம்பிகாவின் முகம் கறுத்தது. கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

ஆபீஸ் அலமாரியில் மூன்றாவதாக ஒரு சோதனை மீட்டர் இருந்தது. பைக்கில் போனால் கால் மணி நேரம். எது பொய் சொல்கிறது என்று அது காட்டிக்கொடுத்திருக்கும். அவருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் மேனேஜர் காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார். படிவமும் எழுதியாகிவிட்டது.

கொளஞ்சியப்பன் இறங்கினான்.

குமிழிகள் கொத்துக்கொத்தாக மேலே வந்தன. அரை மணி போனது. பிறகு குமிழிகள் குறைந்தன, ஒன்றிரண்டாயின. கயிறு மூன்று முறை வெடுக்கென்று இழுபட்டது. மூன்று இழுப்பு என்றால் தூக்கு என்று அர்த்தம்.

அம்பிகா குதிகாலைப் பாறையில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். ஆரோக்கியசெல்வம் அட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பிடித்தார். ஆனால் இழுத்தது முழுக்க அவள்.

வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டு மேலே வந்தான் கொளஞ்சியப்பன். உதடு நீலமாக இருந்தது. கரையில் குப்புற விழுந்து மூச்சை வாரி வாரி இழுத்தான்.

"காத்து வரல புள்ள... அடியில ஒரே கலங்கலு, முள்ளு தெரியல... வாட்ச்சுல மட்டும் அறுவதுன்னு எரியுது. மூச்ச இழுக்குறேன், வரல..."

அம்பிகா இரண்டு மீட்டரையும் திருப்பிப் பார்த்தாள். வாட்ச் ஐம்பத்தைந்து என்றது. முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. பிறகு தரையில் கிடந்த அட்டையை எடுத்தாள். பத்தாவது வரை படித்தவள். ஏறும்போது: 70, 70. கீழே கையெழுத்து.

"அவரு மேல வர்றதுக்கு முன்னாடியே நீங்க மேல ஏத்திட்டீங்களா சார்?"

அடித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

கொளஞ்சியப்பனை ஜீப்பில் ஏற்றும்போது மேனேஜர் போனில் கூப்பிட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "உசுரோட இருக்கான்ல? அப்பறம் என்ன. மீட்டர் பாக்காம எறங்கிட்டான்னு போடுங்க. சொந்தக் கவனக்குறைவுன்னு ஒரு வரி. வழக்கம்போலதான்" என்றார்.

சொந்தக் கவனக்குறைவு. ஆரோக்கியசெல்வத்துக்கு அந்த வரி புதிதல்ல. அவருடைய அப்பா கிளமெண்ட்டின் மூன்று விரல்களைக் கல் உடைக்கும் மெஷின் தின்றபோது ரிஜிஸ்டரில் எழுதப்பட்ட வரி அது. மெஷின் பெல்ட்டுக்குத் தடுப்பு இல்லை என்பதை யாரும் எழுதவில்லை. "எழுதுனவன் மெஷின் பக்கமே வரலடா" என்று சாகும்வரை சொன்னார் அப்பா. அந்த ஆளை மகன் வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறார். இன்றைக்கு அந்த ஆள் இவர்தான்.

"அவரு பாத்தாரு சார். அவரு சம்சாரமும் பாத்துச்சு, எங்கிட்டயும் சொல்லுச்சு. நான்தான் பாக்கல" என்று சொல்லிப் போனை வைத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நுரையீரலைப் பார்த்துவிட்டு, பயமில்லை, ஒருநாள் இருக்கட்டும் என்றார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து புதுப் படிவம் எழுதினார் ஆரோக்கியசெல்வம். இறங்கும்போது 200, 150. ஏறும்போது 55, 0. தவறு யாருடையது என்ற கட்டத்தில் தன் பெயர். முதலில் எழுதிய பொய்ப் படிவத்தையும் கிழிக்காமல் அதோடு பின் அடித்தார். வேலை போகலாம் என்று தெரியும்.

"என்னை மன்னிச்சிரும்மா."

"மன்னிப்ப வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்ணப்போறேன்?" என்றாள் அம்பிகா. "ரெண்டு மீட்டரு ரெண்டு வெதமா சொன்னா, கொறச்சலா சொல்றத நம்புங்க. எது சரின்னு தெரியிற வரைக்கும் ஆள எறக்காதீங்க. பாக்காம போடுற கையெழுத்து அடுத்தவன் மூச்சுல போடுற கையெழுத்து சார். அது எங்க வூட்டு மூச்சா இருந்தாலும் சரி, உங்க வூட்டு மூச்சா இருந்தாலும் சரி."

அவர் படிவத்தை நீட்டினார். "சாட்சின்னு இருக்கிற எடத்துல போடும்மா."

அவள் உடனே பேனாவை வாங்கவில்லை. சிலிண்டரிலிருந்து கழற்றாமல் குழியிலிருந்து மடியில் வைத்தே கொண்டுவந்த இரண்டு மீட்டரையும் வெளிச்சத்தில் திருப்பினாள். வாட்ச்சைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள், படிவத்தில் இருந்த எண்களை விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

பார்த்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.