ஒன்பது வருட இடைவெளி

என் வீட்டுக்காரர் தனக்குத்தானே முதலாளி ஆகி ஏழு மாதம் ஆகிறது. அலுவலகம் எங்கள் படுக்கையறை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு மடக்கு மேஜை, அதன் மேல் லேப்டாப், பின்னால் கொடியில் ஒரு வெள்ளைப் போர்வை. வீடியோவில் பேசும்போது என் துணிமணிகள் தெரிந்துவிடக் கூடாதாம். காலையில் மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரை டிராயர் என்று உள்ளே போவார். அதற்குப் பிறகு ஒரு தலையணை உறை எடுக்கவேண்டுமென்றால்கூட நான் கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டும்.

கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். பதினைந்து வருடம் ஒரு கன்சல்டன்சியில் மாதச் சம்பளத்துக்கு அதைச் செய்தார். உழைப்பு நம்முடையது, லாபம் இன்னொருத்தனுக்கா என்று ஒருநாள் ரோஷம் வந்துவிட்டது. இப்போது அவரைப் போலவே தனியாக வந்தவர்கள் பலர் சேர்ந்த ஒரு கூட்டில் இருக்கிறார். அதில் ஒருவர் கம்பெனியைப் பிடிப்பார், இன்னொருவர் ஆளைப் பிடிப்பார். ஆள் வேலையில் சேர்ந்தால் கமிஷனில் ஆளுக்குப் பாதி. சேராவிட்டால் ஆளுக்கு ஒரு நாமம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் கடுகளவும் நம்புவதில்லை. ஆளின் ரெஸ்யூமேயை அனுப்பும்போது பெயர், போன் நம்பர், முன்பு வேலை பார்த்த கம்பெனிகளின் பெயர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் அந்த ஆளோடு நேராகப் பேசி முழுக் கமிஷனையும் அமுக்கிவிடுவாராம். இந்த லட்சணத்தில் அதற்குப் பெயர் கூட்டு.

ஏழு மாதத்தில் அவர் மூலம் சேர்ந்தது ஒரே ஒருவன். அவனும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட, வந்த கமிஷனைத் திருப்பிக் கொடுத்தோம். வீட்டு ஓனர் மாடிப்படியில் எதிரே வந்தால் நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாருடனோ பேசுவதுபோல் நடந்துவிடுகிறேன். மகளின் பள்ளிக்கூட ஃபீஸ் இரண்டு தவணை பாக்கி. வரும் மாதம் யாராவது ஒருவர் சம்பளம் என்று ஒன்றைக் கொண்டுவராவிட்டால் இந்த வீட்டில் இருக்க முடியாது. இது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும், இரண்டு பேருமே பேசுவதில்லை.

நான் வேலைக்குப் போகட்டுமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். நான் என்ன செத்தா போய்விட்டேன் என்றார். இரண்டு நாள் பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும் வேளாவேளைக்கு இறங்கியது.

அதனால் சொல்லாமல் செய்தேன். மகளின் வகுப்பு அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் ஒருநாள், ஒரு பெரிய கிடங்கில் ஸ்டாக் கணக்குப் பார்க்க ஆள் தேவை என்று ஒரு விளம்பரம் வந்தது. மகள் பிறப்பதற்கு முன் ஆறு வருடம் மருந்து மொத்த வியாபாரத்தில் நான் அந்த வேலையைத்தான் பார்த்தேன். கூப்பிட்டால் ஒரு பெண்மணி பேசினார். மேடம் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்களாம், நானும் அப்படியே சொன்னேன். தங்கமான குரல். ரெஸ்யூமேயை எப்படி எழுத வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தார். வேலை தன் கையில் இல்லை, அந்தக் கம்பெனியைப் பிடித்து வைத்திருப்பவர் வேறு ஒருவர், ரொம்ப அனுபவசாலி, அவர் பார்த்துச் சரி என்றால் உடனே இன்டர்வியூ என்றார். எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. முதல் சம்பளத்தில் ஓனர் வாயை அடைத்துவிட்டு, பிறகு இவரிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். படுக்கையறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே அவர் போனில் யாரிடமோ எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

"பார்த்தேன் மேடம். வேணாம். ஒம்பது வருஷம் கேப் மேடம். ஒரு வருஷம்னா ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஒம்பது வருஷம் வீட்ல உக்காந்திருந்த ஆளை எவன் எடுப்பான்?"

யாரோ பாவப்பட்டவள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளுக்காக உச்சுக்கூடக் கொட்டினேன்.

"மருந்து ஹோல்சேல்ல ஸ்டாக் பார்த்திருக்கு, சரி. அதெல்லாம் அந்தக் காலம். இப்ப துருப்பிடிச்சுப் போயிருக்கும். இதைக் கொண்டுபோய் நீட்டினா இருக்கிற ஒரு கிளையன்ட்டும் போயிடுவான் மேடம்."

கையில் மகளின் பள்ளிச் சட்டை இருந்தது. அதை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். ஒரு ரெஸ்யூமேக்குப் பத்து செகண்ட் போதும், தேதியைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று அவர் பெருமை அடித்துக்கொள்வார். அந்தப் பத்து செகண்டில், இதே தொழில், இதே ஆறு வருடம், இதே வருடத்தோடு நின்றுபோன ஒருத்தி அடுத்த அறையில் இருக்கிறாள் என்று அவருக்கு உறைக்கவே இல்லை. கோபம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது அவமானம், ஊர் நடுவே தடுக்கி விழுந்ததுபோல.

கொஞ்ச நேரத்தில் மேடம் கூப்பிட்டார். பால்கனிக்குப் போய் எடுத்தேன். கம்பெனியில் திடீரென்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார்களாம், என்மேல் ஒரு குறையும் இல்லையாம், மனசைத் தளர விடக் கூடாதாம். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

திரும்பி வந்தபோது அவர் ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். டீ கேட்டார். போட்டுக் கொடுத்தேன். இந்த லைனில் நல்ல ஆளே கிடைப்பதில்லை, கண்ட கண்ட ரெஸ்யூமேயைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டார். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றதும் வாய் நிற்கவில்லை.

"அந்த ஒம்பது வருஷம் கேப் நான்தாங்க."

அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார், குடிக்கவில்லை. தன்னைக் கேட்காமல் ஏன் செய்தாய் என்று சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு, தொழில்காரர் குரலில் பேச ஆரம்பித்தார். வருடங்களைப் போடாமல் வேலைகளை மட்டும் எழுதலாம் என்றார். ஒன்பது வருடத்தையும் அப்படியே தூக்கிவிட்டால் கண்ணை உறுத்தாது, நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், நாளைக்கே உட்கார்ந்து செய்துவிடலாம் என்றார்.

"செஞ்சா எடுப்பாங்களா?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை. அவர் பிழைப்பே பாதி அதுதான். ஆனாலும் இல்லை என்று தலையாட்டினார்.

மகள் பிறந்த சமயம் நான் வேலையை விடத் தயங்கினேன். லீவு கேட்டால் கம்பெனியில் கொடுப்பதாகத்தான் சொன்னார்கள். இவர்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து, வேலை எங்கேயும் ஓடிப்போகாது, விட்டுவிடு, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போய்க்கொள்ளலாம், ஆள் எடுக்கிறவன் நானே சொல்கிறேன் என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதை இப்போது அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"அப்பவே உங்களுக்கு இது தெரியுமா? இவ்வளவு நாள் வீட்ல இருந்தா யாரும் எடுக்க மாட்டாங்கன்னு?"

படுக்கையறையில் அவர் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் எழுந்து போகவில்லை.

"தெரியும்" என்றார் கடைசியில். "நீ திரும்பப் போகணும்னு கேப்பேன்னு நினைக்கலை."