விமலாவுக்காகக் கூடுதலாய் ஒரு கரண்டி

மழை பிடித்துக்கொண்டால் லுக்குட் டவுன் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து ஓடை தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி, குளோரின் தூள் கலந்து, லயத்து வீடுகளுக்குத் திறந்துவிடுவதுதான் அமிர்தலிங்கத்தின் வேலை. மனைவி விமலா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்குக் கை நிற்கவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து வந்த பிள்ளையாயிற்றே! தண்ணீர் கொஞ்சம் கலங்கினாலே இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டுவிடுவான். குழாயைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற நெடிதான் அவனுக்குச் சுத்தம். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அன்று மத்தியானம் நிரஞ்சனா போன் செய்தாள். ஆய்வுக்கூடத்திலிருந்து போன வாரம் வந்து தொட்டித் தண்ணீரைப் பிடித்துப் போனவள்.

"அண்ணே, இலையும் மண்ணும் மக்கிக் கெடக்குற தண்ணியில குளோரின அப்படியே கொட்டுனா, ரெண்டும் சேந்து வேற கெமிக்கல் உண்டாயிரும். ஒங்க தண்ணியில அது ரொம்ப ஜாஸ்தி. மருந்த நிப்பாட்டிராதீங்க. மொதல்ல தெளிய வச்சு வடிகட்டுங்க, அப்புறம் அளவா போடுங்க."

"வயித்துப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆகுமாம்மா?"

"ஆகும்னும் சொல்ல முடியல, ஆகாதுன்னும் சொல்ல முடியலண்ணே."

விமலா லுக்குட் டோபிக் கடை வேலை முடிந்து வந்ததும் அடுப்படியிலேயே அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"ஒனக்குன்னுதான் விமலா கூடப் போட்டேன்."

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் பையிலிருந்து ஒரு பெரிய போத்தலை எடுத்து வைத்தாள்.

"மூணு மாசமா ஒங்க தண்ணிய நான் குடிக்கவே இல்லலா. அந்த நெடிக்கே வாந்தி வந்துச்சு. டோபிலேருந்துதான் டவுன் தண்ணி கொண்டாந்து குடிக்கிறேன். நீங்க ஆசையா பிடிச்சு வைக்கிறதெல்லாம் செடிக்குத்தான் போவுது. சொன்னா ஒங்க மூஞ்சி சுருங்கிரும்னு சொல்லல."

போன உயிர் திரும்பி வந்தது. "அடிப்பாவி!" என்று அவள் தலையில் செல்லமாகக் குட்டினான். கண் கலங்கிவிட்டது. இப்படி ஏமாற்றத் தெரிந்தவளைக் கட்டிக்கொண்டதற்கு எந்தச் சாமிக்குத் தேங்காய் உடைப்பது என்று புரியவில்லை.

அப்போது பக்கத்து வீட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சிரிப்பு நின்றுபோனது. பனியனோடு வெளியே ஓடினான்.

பின்வாசலில் பக்கத்து வீட்டுப் பஞ்சாலையம்மா, மகளின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பால்மாவுப் புட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, இப்படி மூச்சு வாங்குது?" என்றாள்.

குழந்தை புட்டிக்காக இரண்டு கைகளையும் நீட்டியது.