கல் வளைவில் பிரேக்

பிரான்ஸில் நடக்கும் மூன்று வார சைக்கிள் பந்தயம் அது. எங்கள் அணியின் லீவன் புள்ளிகளில் முதலிடத்தில் இருந்ததால் பச்சைச் சட்டை அவன் மேல் இருந்தது. இத்தாலிக்காரன் மொராந்தி ஒன்பது புள்ளிதான் பின்னால். கடைசி இருநூறு மீட்டர் வரை முன்னால் போய் லீவனுக்குக் காற்றை மறைப்பது என் வேலை.

அன்று மழை. பந்தயம் முடியும் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கல் பாவிய வளைவு ஒன்று வந்தது. போன வருடம் அப்படியொரு வளைவில் விழுந்துதான் என் இடுப்பெலும்பு முறிந்தது.

"ஸ்டைன், பிரேக்கத் தொட்டுடாதடா!" என்று பின்னாலிருந்து லீவன் கத்தினான்.

விரல்கள் என்னைக் கேட்காமலே பிரேக்கை அழுத்தின. மொராந்தி உள்பக்கமாகப் பாய்ந்து ஜெயித்தான். லீவன் ஆறாவதாக வந்தான். சட்டை கைமாறியது.

லீவன் முகத்தில் விழிக்கப் பயந்துகொண்டே அணியின் பஸ்ஸில் ஏறினேன். அவன் கையுறையைக் கழற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சிருடா" என்றேன்.

"வாய மூடு. கத்துறப்பவே நான் என் பிரேக்கப் புடிச்சாச்சு. யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத."

நான் கையுறையை இழுத்துக் கழற்றினேன்.

"நாளைக்கும் மழையாம்டா" என்றான்.